சமதளம்

முதல் டிராம் தெருமுனையில் தலைகாட்டியபோது அவள் தன் வீட்டுக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

புதுத் தடத்தின் கடைசி நிறுத்தம் அது. தொடக்க விழா மறுமுனையில், ஆற்றுக்கு அப்பால். மேயரும் மைக்கும் அங்கேதான். தடத்தை வரைந்தவள் என்ற முறையில் அவளும் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இங்கே நிற்கிறாள்.

ஆற்றுக்கு அப்பால்தான் அக்காவின் வீடு.

அக்கா வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எந்தப் புது வண்டி விட்டாலும் முதல் நாளே ஏறிப் பார்த்துவிட வேண்டும் அக்காவுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படி. அதை நம்பித்தான் கடைசி நிறுத்தத்தைத் தன் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஏன் இங்கே என்று கேட்டவர்களிடம் வளைவு, சரிவு என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தாயிற்று.

மழை விட்ட மதியம். தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்த்திருந்தார்கள். டிராம் சத்தமே இல்லாமல் அதன்மேல் மிதந்து வந்தது. எங்கே சாலை முடிகிறது, எங்கே நடைபாதை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஈரத்தில் எல்லாம் ஒரே வெளிச்சமாகக் கிடந்தது.

ஊரின் தெருக்களையும் வண்டிகளையும் வடிவமைக்கும் அலுவலகத்துக்கு அவள்தான் தலைவி. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் ‘சமதளம்’. படி என்று ஒன்றைக் கண்டால் போதும், அவளுக்குக் கை அரிக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேருந்துகளின் படிகள் போயின. தபால் நிலையம், நூலகம், தியேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போயின. நீதிமன்ற வாசலைச் சரிவாக்கியபோது வக்கீல்கள் குதி குதியென்று குதித்தார்கள். ஏறி வராவிட்டால் நீதிக்கு என்ன மரியாதை என்றார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் காலை உடைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தார். அத்தோடு எல்லோரும் கப்சிப்.

மெல்ல மெல்ல ஊரே தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. தள்ளுவண்டிக் குழந்தைகள் தூக்கம் கலையாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தன. சக்கர நாற்காலிக்காரர்கள் யார் தயவும் இல்லாமல் சினிமா பார்த்துவிட்டு வந்தார்கள். பெரிய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த வெளியூர்க்காரர்கள் எங்குமே காலைத் தூக்காமல் ஹோட்டல் அறைக்குள் போய் நின்று, எப்படி வந்தோம் என்று விழித்தார்கள்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டால் அவள் இவர்களைத்தான் காட்டுவாள். பொய்யில்லை. ஆனால் முதல் காரணம் வேறு.

அக்காவின் கணவர் இறந்த அன்று அவள் வேறொரு நாட்டில், டிராம் பற்றிய ஒரு கூட்டத்தில் இருந்தாள். செய்தி கிடைத்தும் கூட்டத்தை முடித்துக்கொண்டுதான் கிளம்பினாள். வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாயில்லாத வீட்டில் அவளை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா, ஒரே வாக்கியத்தில் உறவை முடித்துக்கொண்டாள். இனி செத்தாலும் உன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றாள்.

அக்கா சொன்னால் சொன்னதுதான். எடையில் ஏமாற்றிய ஒரு கடைக்காக அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போகிறவள்.

அந்த வாக்கியத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

வீட்டுப் படியை எடுத்தாள். பார்த்தால் நடைபாதைக்கு ஒரு படி இருந்தது. அதையும் எடுத்தால் பேருந்துக்கு ஒரு படி. எதுவரைக்கும் ‘உன் வீட்டுப் படி’ என்று அக்கா வைத்துக்கொள்வாளோ, யார் கண்டது?

டிராம் நின்று கதவு திறந்தது. சில பள்ளிக்கூடப் பெண்கள் இறங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு குடும்பம் இறங்கியது.

கடைசியில் அக்கா.

தலை முழுக்க நரைத்திருந்தது. பழக்கதோஷத்தில் காலைக் கீழே நீட்டிப் படியைத் தேடினாள். கால் உடனே தரையில் பட்டதும் தடுமாறி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அக்கா இதே வண்டியில் திரும்பிவிடுவாளோ என்ற பயத்தில் ஓடிப்போய் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பை போகிற பக்கம் அக்காவும் நடந்தாள். புல், நடைபாதை, கட்டடத்தின் முகப்பு, தரைத்தளத்தில் வீட்டுக் கதவு. தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. எங்குமே கால் உயரவில்லை.

கதவுக்கு நேராக அக்கா நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தாள். செருப்பின் நுனியால் தரையைத் தடவினாள். வெளியும் உள்ளும் ஒரே தளமாக இருந்தன.

“படி எங்கடி?”

“எடுத்துட்டேன்க்கா. வழி முழுக்க எடுத்துட்டேன்.”

அக்கா திரும்பித் தெருவைப் பார்த்தாள். நடைபாதையை, புல்லை, கிளம்பிப் போகிற டிராமை. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

பிறகு உள்ளே வந்து, தங்கையின் கன்னத்தைத் தொட்டாள்.

“பைத்தியம். வாக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா, மிதிக்காம தாண்டி வந்திருப்பேனே.”