ஒத்துக்காத கல்

மருமகளின் விரலில் நீலக்கல் மோதிரத்தைப் பார்த்ததும் மாமியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கழட்டுடி அதை! நீலம் சனியோட கல்லு. எல்லாருக்கும் ஒத்துக்காது."

"தலையணைக்கு அடியில வச்சுப் படுத்துப் பாத்துட்டேன் அத்தை. கெட்ட கனவு ஒண்ணும் வரல."

"வாயாடாதே! என் பிள்ளையோட மூத்த சம்சாரமும் இப்படித்தான் அடம்பிடிச்சா. நீலத்தைப் போட்ட வாரமே போய்ச் சேந்துட்டா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னோமே!"

"சொன்னீங்க. இருந்தாலும் கழட்ட மாட்டேன்."

கணவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். மோதிரத்தைக் கிட்டத்தில் கண்டதும் ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் வெளிறியது.

"இது... இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உங்க மூத்த சம்சாரம்தான் குடுத்தாங்க. உங்க அடி தாங்காம ஓடிப்போனவங்களைச் செத்துட்டாங்கன்னு சொல்லித்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க? அவங்களுக்கு இந்தக் கல்லு நல்லாவே ஒத்துக்கிச்சாம்."

மருமகள் முன்பே கட்டி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கும் ஒத்துக்கும்னுதான் தோணுது. வழியை விடுங்க, வாசல்ல அந்த அக்கா காத்துக்கிட்டிருக்காங்க."