கம்பி இருக்கட்டும்

பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் "எப்ப டாக்டர் கழட்டுவீங்க?" என்று நச்சரித்தே என் தலையை வழுக்கையாக்கியவர்கள். கழற்ற வேண்டாம் என்று கெஞ்சியவள் அந்தத் தையற்காரி ஒருத்திதான்.

"பல்லெல்லாம் வரிசைக்கு வந்தாச்சும்மா. இனிமே எதுக்கு?"

"இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே, டாக்டர்."

"என்ன, நகைன்னு நினைச்சியா? தேவையில்லாம வச்சிருந்தா இடுக்குல அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும், ரத்தம் வரும், பல்லு ஆடும்."

"ரத்தம் வரும்தானே?" அவள் முகம் மலர்ந்தது.

லாட்டரி விழுந்தவள்கூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் வாய்க்குள் பார்த்தேன். ஈறு துளியும் வீக்கமில்லாமல், பச்சைக் குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது.

"உனக்கு ஏது ரத்தம்? ஈறு தங்கமா இருக்கு" என்றபடி இடுக்கியை எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயில ரத்தம் வர்றப்பல்லாம், 'கம்பியால ஈறு கெட்டுப்போச்சுடி'ன்னு பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன், டாக்டர். அவளுக்கு அவ அப்பான்னா உயிரு. கம்பியக் கழட்டிட்டா, இனிமே நான் யாரைச் சொல்றது?"