அண்ணனின் சொட்டு மருந்து

"இடது கண் நரம்பு பாதிக்கு மேல போயிடுச்சு சார். போன பார்வை திரும்பாது" என்றார் டாக்டர் மமதா.

பத்ரிநாத் ஸ்கேன் தாளையே வெறித்தார். கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, நரம்பை அடுக்கடுக்காக எடுத்த படம். பச்சையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு.

"வலியே இல்லையே டாக்டர்?"

"கிளாக்கோமாங்கிற இந்தக் கண் அழுத்த நோய் வலிக்காது சார். ஆறேழு வருஷம் முன்னாடி இந்த ஸ்கேன் எடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். பரம்பரையா வர்றது. கூடப்பிறந்தவங்களையும் உடனே பார்க்கச் சொல்லுங்க."

கூடப்பிறந்தவர் ஒருத்தர்தான். ஒக்கலிபுரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்காகக் கோர்ட் வரை போன அண்ணன் சேஷகிரி. கேஸ் முடிந்துவிட்டது, ரோஷம்தான் முடியவில்லை. அண்ணன் பெயரில் எது வந்தாலும் வக்கீல் நோட்டீஸ் என்றே பத்ரிநாத்துக்கு நினைப்பு. போனை எடுப்பதில்லை, தபாலைத் தொடுவதில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆனாலும் அண்ணன் கண்ணாயிற்றே. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனார்.

சேஷகிரிதான் கதவைத் திறந்தார்.

"வாடா... உட்காரு. சொட்டு மருந்து விட்டுண்டு வந்துடறேன்."

மேஜை மேல் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் பத்ரிநாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மருந்து.

"உனக்கும் கிளாக்கோமாவா? எப்பலேர்ந்து?"

"ஏழு வருஷமாச்சு. ஆரம்பத்துலயே ஸ்கேன்ல தெரிஞ்சுடுத்து. பெருமாள் புண்ணியத்துல பார்வை நன்னா இருக்கு."

பத்ரிநாத் குரலை உயர்த்தினார்.

"ஏழு வருஷமாத் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையே! நீயெல்லாம் ஒரு அண்ணனா? ஒரு வீட்டுக்காக என் கண்ணையே..."

சேஷகிரி உள்ளே போனார். பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்து நீட்டினார்.

ஏழு வருஷத்துக்கு முன் பத்ரிநாத் பெயருக்கு அனுப்பித் திரும்பி வந்த ரிஜிஸ்டர் தபால். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மேலே தபால்காரரின் சிவப்பு மையில், 'பெறுநர் வாங்க மறுத்தார்.'

பத்ரிநாத் பிரித்தார். உள்ளே அண்ணனின் கண் ஸ்கேன். அதன் ஓரத்தில் அண்ணனின் கையெழுத்து:

"பத்ரி, கேஸ் கிடக்கட்டும். நாளைக்கே போய் நீயும் இந்த ஸ்கேனை எடுத்துடு."