தலைவர் வீட்டு டீ

அந்தப் புத்தகத்தை அந்த அம்மா கீழே வைப்பதாகவே இல்லை.

கல்லூரி நூலகத்தில் ஊராட்சிச் சட்டப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். வெளியே கொண்டுபோக முடியாது. சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்களும் வந்து படிக்கலாம் என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் விதி போட்டு வைத்திருந்தார். மஞ்சள் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக அந்த அம்மா காலையிலேயே வந்து அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இளவரசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ‘கிராம சபையில் பெண்கள்’ என்ற ஆய்வேட்டை இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் இந்த வருஷம் அவளுக்குப் பட்டம் கிடையாது. எல்லாம் எழுதியாயிற்று. சட்டத்தில் ஓரிரு பிரிவுகளைச் சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி.

“அக்கா, இன்னும் ரொம்ப நேரம் ஆவுமா?”

“ஒரே ஒரு லைனு தேடிக்கினு கீறேன் கண்ணு. கெடைக்க மாட்டேங்குது. வா, பக்கத்துல ஒக்காரு. ரெண்டு பேரும் பாக்கலாம்.”

ஒரு புத்தகம், நான்கு கண்கள். இவள் படித்தாளா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா பக்கத்தைப் புரட்டினார்.

வேண்டியது கிடைத்ததும் இளவரசிக்கு உயிர் வந்தது. உயிரோடு வாயும் வந்தது.

ஆய்வேட்டை எடுத்துப் பெருமையாகக் காட்டினாள். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ஊரில் எடுத்த பேட்டி. ஊராட்சித் தலைவர் வீடு எது என்று கேட்டதும், டிராக்டர்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை ஒரே வீட்டைக் கை காட்டினார்களாம்.

“தலைவரு புருஷோத்தமன் ஐயா இன்னா பேச்சு பேசுனாரு தெரியுமாக்கா! பொம்பளைங்க வெளிய வரணும், மைக்கப் புடிச்சிப் பேசணும்னு ஒரே போடு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சி.”

“அப்பிடியா? அந்த வூட்டம்மா இன்னா சொன்னாங்க?”

“அவங்கள நான் பாக்கவேயில்ல. அடுப்பங்கரையில இருந்தாங்க. ஐயாவே கையால டீ எடுத்தாந்து குடுத்தாரு. எவ்ளோ பெரிய மனசு!”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. நூலகர் மேசையைத் தட்டிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

“சக்கர போதுமா இருந்துச்சா? சின்னப் பொண்ணாச்சேன்னு கூட ஒரு ஸ்பூன் போட்டேன்.”

இளவரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஐயாவோட சம்சாரமா நீங்க? ஐயையோ, உங்களையும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்க்கா.”

“அத்த வுடு.”

கடைசிப் பக்கத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, அந்த அம்மா புத்தகத்தை மூடினார். முகத்தில் திருவிழாக் களை.

“நான் தேடுன லைனு இதுல எங்கியும் இல்ல கண்ணு. நல்ல வேள.”

“இன்னா லைனுக்கா?”

“தலைவரோட நாற்காலில அவங்க வூட்டுக்காரரு ஒக்காரலாம்னு ஒரு லைனு.”

இளவரசி தன் ஆய்வேட்டைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது.

பேட்டிப் பக்கங்களை உருவித் தனியே வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தாள்.

“பேரு சொல்லுங்க, தலைவரே.”