சிவபாண்டி படத்து மாலை

“உசுரோட இருக்கவன் படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கீயளே, உங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?”

பெரியவர் தனுஷ்கோடி போட்ட சத்தத்தில், கண்காட்சி பார்க்க வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசல் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். சுவரில் ‘நம்ம ஊர் ஓவியர்கள்’ என்று எழுதி, வரிசையாகப் புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். கடைசிப் படம் அவருடைய மகன் சிவபாண்டி. அதிலும் ஒரு சம்பங்கி மாலை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு பேர் சேர்ந்து வாடகைக் கட்டடத்தில் நடத்துகிற சின்ன அருங்காட்சியகம் அது. ஓட்டை உரலையும் துருப்பிடித்த வாளையும் வைத்துப் பார்த்தார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் இந்த வருஷம் சுற்றுவட்டாரத்து ஓவியங்களைத் தேடிப் பிடித்து வைத்திருந்தார்கள். சிவபாண்டி பத்தாவது படிக்கையில் வரைந்த ஆண்டாள் கோயில் தேர், அவனுடைய ட்ராயிங் வாத்தியார் வீட்டுப் பரணிலிருந்து வந்தது. அவன் புகைப்படத்தையும் அவரே தேடிக் கொடுத்திருந்தார்.

பொறுப்பாளர் நவாஸ் ஓடி வந்தான்.

“பெரியவரே, மன்னிச்சிருங்க. இந்த வரிசையில மத்தவங்க எல்லாரும் காலமானவங்க. திறப்பு விழாவுக்கு வந்தவங்க மொத்தமா மாலை வாங்கியாந்து ஒண்ணு விடாமப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் கவனிக்கல.”

“கவனிக்கலையா? உன் படத்துக்கு எவனாவது போட்டிருந்தா கவனிச்சிருப்ப.”

நவாஸ் மூலையில் கிடந்த ஸ்டூலை எடுக்கப் போனான்.

பெரியவரின் மனைவி கருத்தம்மாள் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். “சத்தம் போடாதீய. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கிடந்தது மறந்துபோச்சா? டாக்டர் என்ன சொல்லி விட்டாரு?”

“நீ பேசாத. மகாராஜபுரத்துல கிளம்பும்போதே வேண்டாம், வெயிலுன்னு மூஞ்சியத் தூக்கினவதானே நீ. பெத்த பிள்ளை வரைஞ்சதைப் பாக்க வர இம்புட்டு சலிப்பா ஒருத்திக்கு!”

நவாஸ் ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “அண்ணன் இப்ப எங்க இருக்காங்க?”

“சவுதியில. பெயிண்டு வேலை.” பெரியவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“நம்பர் குடுங்க. அவங்ககிட்ட நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன்.”

“நம்பர் இவ செல்லுலதான் கிடக்கு. எங்கிட்ட எங்க பேசுதான்? நான் தோப்புக்குப் போற நேரமாப் பாத்துத்தான் ஆத்தாளுக்குப் போன் போடுவான். தின்னானா தூங்குனானான்னு இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரோஷக்காரப் பய. வந்து நிக்கட்டும், ஒரு அறை விட்டுட்டுத்தான் சோறு போடுவேன்.”

கருத்தம்மாள் பைக்குள் கையை விட்டாள். வெறுங்கையாகவே வெளியே எடுத்தாள். “இப்ப வேலையில இருப்பான். எடுக்க மாட்டான்.”

பெரியவர் அப்போதுதான் ஓவியத்துப் பக்கம் திரும்பினார். மூக்கு உரசுகிற அளவுக்கு நெருங்கி நின்று பார்த்தார்.

“கூறுகெட்ட பய, தேரைவிட சக்கரத்தைப் பெருசா வரைஞ்சிருக்கான். வடம் பிடிக்கிறதுல முன்னால ஒருத்தன் தலைப்பா கட்டி நிக்கான் பாரு. அது யாரு?”

“நீங்கதான் பெரியவரே. மீசை அப்படியே இருக்கு.”

“பொய் சொல்லாதலே” என்றார். ஆனால் கை மீசையைத் தடவிக்கொண்டது. பிறகு மேசைமேல் கிடந்த மாலை கண்ணில் பட்டுவிட்டது. முகம் மறுபடி கடுகடுத்தது.

“இதைக் கழட்டினாப் போதுமா? பட்ட தோஷம் போக வேண்டாமா? சூடம் வாங்கிட்டு வாரேன், சுத்திப் போடணும்.”

“உள்ள நெருப்பு பத்த வைக்கக் கூடாது பெரியவரே. வேணும்னா படத்தை இறக்கி வாசலுக்குக் கொண்டாறேன்.”

“கொண்டா. எம் மகன் நூறு வருஷம் இருக்கணும்.” படி இறங்கியவர் திரும்பி நின்று மனைவியைப் பார்த்தார். “ஏட்டி, நீ இங்கனயே காவலுக்கு நில்லு. இவனுவ திரும்பவும் எதையாவது மாட்டிருவானுவ.”

அவர் ரோட்டைக் கடக்கிற வரைக்கும் கருத்தம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நவாஸ் சிவபாண்டியின் படத்தை இறக்கி மேசைமேல் சாய்த்து வைத்தான். கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனான்.

அவன் திரும்பி வந்தபோது கருத்தம்மாள் அந்தச் சம்பங்கி மாலையைக் கையில் எடுத்திருந்தாள். கண்ணில் ஒற்றினாள். மகன் படத்துக்குப் போட்டு, முகம் மறையாமல் இருபுறமும் ஒதுக்கிச் சரிசெய்தாள்.

“என்னம்மா இது? உசுரோட இருக்கவருக்குப் போட்டா தோஷம்னு இப்பத்தானே சொல்லிட்டுப் போறாரு?”

எதிர்க் கடையில், நமுத்துப்போன சூடத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று பெரியவர் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. கருத்தம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“அவியளுக்குத்தான் இன்னும் சொல்லல, தம்பி.”