அளவுக்கு ஓர் ஆள்

என் கணவர் சுவரோடு ஒட்டி நின்று மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"சார், மூச்சு விடுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"விட்டாத்தான் எடுப்பேன்."

போனைப் பிடித்தபடி ஷிஃபானா காத்திருந்தாள். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண். ஆர்க்கிடெக்சர் நான்காம் வருடம். ஒரு மாதப் பயிற்சிக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

அவர் முகம் சிவந்தது.

விட்டுவிட்டார். வயிறு வெளியே வந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு நாய்.

வீட்டை நெடுக வெட்டி உள்ளறைகளைக் காட்டுகிற வெட்டுப்படத்தில் உயரம் புரிவதற்காக அறைக்கு அறை ஒரு மனித உருவத்தை நிறுத்துவது வழக்கம். அவள் இணையத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரை எடுத்துப் போட்டிருந்தாள். கோட்டு, தொப்பி, கையில் சங்கிலி, சங்கிலியில் நாய். வீடு வண்ணார்பேட்டையில் கட்டப்போவது. கட்டுகிறவர் இரும்புக்கடை ஆறுமுகநயினார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரிக்கு நாயின்னா ஆவாது."

அவரை அனுப்பிவிட்டு என் கணவர் அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம ஊரு ஆளாப் போடு பிள்ள. வேட்டி சட்டையோட. யாராவது ஒருத்தன்."

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். அதில் வேட்டி கட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலத்துக்குள் அவள் போட்டோவைப் பார்த்துக் கோட்டுருவமாக வரைந்துவிட்டாள். வழுக்கை. மடித்துக் கட்டிய வேட்டி. ரப்பர் செருப்பு. நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து, நிதானமாகப் போய்த் திரும்புகிற ஒரு வளைவு.

"வயித்தக் குறை."

"உள்ளத உள்ளபடி வரையணும்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொன்னதுதான். உலகத்துக் கட்டடங்களையெல்லாம் படித்துவிட்டு வந்தவளை, முதல் வாரம் முழுக்க டேப்பைக் கொடுத்துக் கழிப்பறை கழிப்பறையாக அனுப்பி, ஓடு ஓடாக அளக்கவைத்துச் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். அவர் வரைவார். அது விழாமல் நிற்பதற்கு நான் கணக்குப் போடுவேன். எங்கள் தொழில் அப்படி, குடித்தனமும் அப்படி.

"இந்தப் பாரத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றேன்.

"நாளைக்கு வந்ததும் முதல் வேலை அதான்" என்று அவளிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டு, பெருமாள்புரத்தில் நடக்கிற வேலையைப் பார்க்கக் கிளம்பினார்.

அங்கே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, டீ கேட்டாராம்.

டீ வந்தபோது உயிர் இல்லை.

பதினாறு முடிந்து அலுவலகத்தைத் திறந்தேன். ஷிஃபானா வாசலில் நின்றாள். பயிற்சியில் இன்னும் சில நாள் பாக்கி இருந்தது.

ஆறுமுகநயினாரும் அன்றே வந்தார். துக்கம் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிப் படத்தைக் கேட்டார்.

அவள் திரையில் திறந்தாள்.

அன்று என் கணவர் பெருமாள்புரத்துக்குக் கிளம்பிய பிறகு, உட்கார்ந்து எல்லா அறையிலும் அவரை நிறுத்தியிருக்கிறாள். நான் அதுவரை பார்க்கவில்லை.

அடுப்படியில் அவர்.

மாடிப்படியில் அவர்.

மருமகளுக்கென்று ஒதுக்கிய அறையில் அவர்.

குளியலறையில், ஷவருக்கு நேர் கீழே, வேட்டி சட்டையோடு அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுமுகநயினாரின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

இன்னும் பால்கூடக் காய்ச்சாத வீடு. இறந்துபோனவர் அறைக்கு அறை நிற்கிறார். எடுத்துவிடச் சொல்வார். சொன்னால் எடுக்கத்தான் வேண்டும்.

வீட்டில் அவர் படத்துக்குக் குறைவில்லை. எங்கள் கல்யாணப் படத்திலிருந்து மாலை போட்டு வைத்திருக்கிற படம் வரைக்கும், எல்லாவற்றிலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

விட்டுவிட்டு நிற்பது இது ஒன்றில்தான்.

"மைனி, தப்பா எடுத்துக்கப்பிடாது" என்றார் ஆறுமுகநயினார்.

"சொல்லுங்க."

"பூஜை ரூம்ல மட்டும்..."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி செருப்போட நிக்காவ."

ஷிஃபானா பூஜையறையைப் பெரிதாக்கினாள். செருப்பை மட்டும் அழித்தாள்.

செருப்பு போனதும் அவர் கால் தரையைத் தொடவில்லை. கோட்டுக்கு மேலே, கொஞ்சம்போல, அந்தரத்தில் நின்றார்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கீழ வைக்கட்டுமா மேடம்?"

"வை."

அவள் அவரைப் பிடித்து மெதுவாகத் தரைக்கோட்டில் வைத்தாள்.

"இப்பம் சரியா இருக்கு" என்றார் ஆறுமுகநயினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அச்செடுத்த படத்தைச் சுருட்டி வாங்கிப் போனார்.

அவள் திரையை மூடவில்லை.

"சார் ஒரு வேலை சொல்லியிருந்தாங்க மேடம். வந்ததும் முதல்ல..."

"நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

ஷிஃபானா படிப்பை முடித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். வருடா வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் உயரம் காட்ட அவரைத்தான் நிறுத்துகிறார்கள். பூஜையறைக்கு மட்டும் செருப்பில்லாதவர்.

வயிறு அப்படியே இருக்கிறது.