மேசைக்கடியில்

“இன்னும் கொஞ்சம் கோவமா, சார்,” என்றார் இயக்குநர். “பொண்டாட்டியைத் திட்டுற மாதிரியே இல்ல. புத்தகம் எடுத்துக் குடுக்கிற மாதிரி இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. திட்டிக்கொண்டிருந்த கணவர் ஒரு நூலகர். பதினாறு வருடமாக, சத்தம் போடாதீர்கள் என்று ஊராரிடம் சொல்லியே சம்பளம் வாங்குபவர்.

எதிரே அவர் மனைவி. ரிங்குக்குள் அவள் பெயர் புல்டோசர். மல்யுத்த வீராங்கனைகளின் வீட்டு வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டும் தொலைக்காட்சித் தொடரில் இன்று இவர்கள் வீட்டின் முறை.

உள்ளது உள்ளபடிதான். அதை இயக்குநர் மூன்று பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தார். கணவர் சண்டை போட வேண்டும். மல்யுத்தத்தை விட்டுவிடுவதாக மனைவி அழுதுகொண்டே சொல்ல வேண்டும். உடனே விளம்பர இடைவேளை.

காலையில் அந்தத் தாளைப் படித்ததுமே நூலகருக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவியைத் திட்டுவதா? அதுவும் இந்த மனைவியையா?

அவள்தான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ரிங்கில் ஒருத்தி கழுத்தை ஒருத்தி நெரிக்கும்போது, யாருக்கும் தெரியாமல் கையை ஒரு தடவை அழுத்துவார்கள். ஒன்றுமில்லை, எல்லாம் நடிப்புதான் என்று அதற்கு அர்த்தம். அழுத்தவில்லையென்றால் நிஜமாகவே அடிபட்டிருக்கிறது.

ஆகவே மேசைவிரிப்புக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

மறுபடி கேமரா ஓடியது.

இது வீடா, சத்திரமா என்று கத்தினார் நூலகர். அழுத்தினார்.

வெளியே தலைகாட்ட முடியவில்லை என்றார். அழுத்தினார்.

உன்னைக் கட்டிக்கொண்டதே தப்பு என்று மேசையைக் குத்தினார். பாவம், அதற்கு மட்டும் இரண்டு தடவை அழுத்தினார். புல்டோசர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் பக்கம் வந்தது.

“நீ ஒவ்வொரு தடவை ரிங்குல ஏறும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வருது.”

இதை அவர் கத்தவில்லை. நூலகத்தில் பேசும் குரலில் சொன்னார்.

அவள் காத்திருந்தாள். அவர் கை அப்படியே இருந்தது.

மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று விரலால் லேசாகச் சுரண்டி நினைவூட்டினாள். அப்போதும் அழுத்தவில்லை.

ஒரு போட்டி விடாமல் வருவார். முதல் வரிசையில் உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொள்வார். சரியான புத்தகப் புழு என்று தோழிகளிடம் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்! அவர் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இயக்குநர் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். இனி அவள் முறை.

“சரிங்க. உங்களுக்காக எல்லாத்தையும் விட்டுடறேன்.”

நூலகர் நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கடியில் அவர் உள்ளங்கை வியர்த்துப்போயிருந்தது.

கையைச் சும்மா வைத்திருந்தால் போதும். மனுஷர் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவார். அடுத்த மாதம் சாம்பியன் போட்டி இருக்கிறது. அதற்குள் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் ரிங்கில் அடிக்காமலே அடித்து, வலிக்காமலே அலறி, நாட்டையே ஏமாற்றிப் பிழைப்பவள்தான். இந்த ஒரு ஆளை ஏமாற்ற மட்டும் மனம் வரவில்லை.

அழுத்தினாள். தன் பலம் அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

தாளின்படி அழ வேண்டியவள் அவள். பொலபொலவென்று கண்ணீர் விட்டவரோ நூலகர்.

“கட்! சூப்பர் சார்!” இயக்குநர் துள்ளிக் குதித்தார். “கிளிசரின்கூடப் போடலையே, எப்படி சார் வந்துச்சு?”

“கை வலிக்குதுங்க,” என்றார் நூலகர்.

கையை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.